எப்போது பயன்படாது என்பதையும் எழுதுங்கள்

மேல்நிலை வகுப்பில் உப்புப் பகுப்பாய்வு செய்த மாணவர்கள் பழுப்பு வளையச் சோதனையை அறிவார்கள். உப்புக் கரைசலுடன் புதிதாகத் தயாரித்த பெரஸ் சல்பேட் கரைசலைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெல்ல ஊற்றினால், இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் தோன்றும். உடனே ‘நைட்ரேட் உள்ளது’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் நைட்ரைட்டும் பழுப்பு நிறம் தரும். புரோமைடும் அயோடைடும் சோதனையைக் குழப்பும். மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசிச் செய்திதான்.

அந்த விட்டுப்போன வரியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஏனெனில் இப்போது பிறர் எழுதிய செய்முறையைப் பார்த்து வேலை செய்பவர்கள் மாணவர்கள் மட்டும் அல்லர். கணிப்பொறிகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன.

கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாமல், கோப்புகளைத் திறந்து, நிரல் எழுதி, அதை ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் திருத்தி, ஒரு வேலையைப் பல படிகளில் தானே முடிக்கும் செயற்கை அறிவு நிரல்களை ‘ஏஜென்ட்’ என்கிறார்கள். முகவர் எனலாம். இந்த முகவர் நிரலுக்குப் பொது அறிவு மிகுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆய்வகத்தில் அளவீடுகளை எப்படிச் சரிபார்ப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இத்தொல்லையைப் போக்க, 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் என்னும் அமெரிக்க நிறுவனம் ‘ஸ்கில்’, அதாவது திறன், என்ற முறையை அறிவித்தது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அது ஒரு கோப்புறை. அதனுள் சாதாரண நடையில் எழுதிய செய்முறைக் குறிப்பு. தேவையானால் சில சிறு நிரல்கள். குறிப்பின் தலையில் அதன் பெயரும், எந்த வேலைக்கு உரியது என்ற ஓரிரு வரி விளக்கமும் இருக்கும். முகவர் நிரல் முதலில் இந்தத் தலைப்பு வரிகளை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளும். வேலை பொருந்தி வரும்போதுதான் முழுக் குறிப்பையும் எடுத்துப் படிக்கும். நூலகத்தில் பட்டியல் அட்டையைப் பார்த்துவிட்டு அலமாரிக்குப் போவது போல!

எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதம் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. வர்க்கமூலம் காண்பது, சைன் மதிப்புக் காண்பது போன்ற வேலைகள் எல்லாக் கணக்கிலும் திரும்பத் திரும்ப வந்தன. மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் அவற்றுக்குத் தனித்தனியே துணைநிரல்கள் எழுதி, துளையிட்ட காகித நாடாக்களில் சேர்த்து வைத்தார்கள். வேண்டியவர் அதைப் பிரதி எடுத்துத் தம் நாடாவில் இணைத்துக் கொள்ளலாம். 1952-இல் வீலர் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு செய்தியைச் சொன்னார். துணைநிரலை எழுதிச் சோதித்த பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. உள்ளே இருப்பதை அறியாதவரும் பயன்படுத்தும்படி அதற்கு விளக்கம் எழுத வேண்டும். அதுவே எல்லாவற்றிலும் கடினமானதாக இருக்கலாம் என்றார். எழுபது ஆண்டுகள் கடந்தும் இக்கருத்து பழையதாகவில்லை.

விளக்கம் குறைந்தால் என்ன ஆகும்? 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் திசை மாறிச் சிதறிற்று. பூமியின் காந்த மண்டலத்தை ஆராயச் சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக் கோள்களும் அதோடு அழிந்தன. அதன் வழிகாட்டும் கருவியில் இருந்த நிரல், முந்தைய ஏரியன் 4-இல் நன்றாக உழைத்த நிரல். அதில் ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் மாற்றும் படி இருந்தது. அந்த இடத்தில் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஏரியன் 4-இன் பாதையில் அந்த எண் எல்லை தாண்டவில்லை. ஏரியன் 5-இன் கிடைத் திசைவேகம் தொடக்கத்திலேயே மிக அதிகம். எண் வழிந்தது, கருவி நின்றது. மாற்றுக் கருவி இருந்ததே என்பீர்கள். அதிலும் அதே நிரல்தான்! அதுதான் முதலில் நின்றது. அந்த எண்ணுக்குக் காப்பு தேவையில்லை என்று முடிவு செய்தவர்கள் காரணமின்றிச் செய்யவில்லை. ஆனால் அந்தக் காரணம் நிரலுக்குள் எங்கும் குறிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. வேடிக்கை என்னவென்றால், புறப்பட்ட பிறகு அந்தக் கணக்கு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை.

ராக்கெட்டாவது வெடித்துக் காட்டியது. சத்தமில்லாமல் நடக்கும் தவறுகளுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். மனித ஜீன்களில் ஒன்றுக்கு ‘மார்ச் 1’ என்றும் மற்றொன்றுக்கு ‘செப்ட் 2’ என்றும் குறியீடுகள் இருந்தன. எக்செல் அட்டவணையில் இட்டால் அவை தேதிகளாக மாறிவிடும். இந்தத் தொல்லை 2004-லேயே ஆய்விதழில் வெளிவந்தது. ஆயினும் 2016-இல் ஆராய்ந்தபோது, ஜீன் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நல்ல திறன் குறிப்பு பேருதவி செய்யும். ‘ஜீன் குறியீடுகளை உரையாக மட்டும் படி, பட்டியலில் தேதி தென்பட்டால் நின்று கேள்’ என்று எழுதி வைத்தால், முகவர் நிரல் சோர்வின்றி ஆயிரம் கோப்புகளையும் அவ்வாறே பார்க்கும். ஆதலால் இம்முறையை நான் வரவேற்கிறேன். ஆனால் தவறான குறிப்பையும் அது அதே சோர்வின்மையோடு ஆயிரம் முறை பின்பற்றும் அன்றோ? ஒரு மாணவர் பார்த்தெழுதிய பிழை ஒரு வகுப்போடு போகும். ஒரு திறன் குறிப்பின் பிழை, அதைப் பிரதி எடுத்த ஆய்வகங்களுக்கெல்லாம் போகும்.

ஆகவே ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று செய்திகள் கட்டாயம் வேண்டும் என்பேன். எந்த நிலையில் இது பொருந்தாது. விடை தெரிந்த எந்தக் கணக்கில் இதைச் சோதித்தார்கள். கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள். முதலாவதே முக்கியம். மற்றவை இல்லாவிட்டால் சந்தேகமாவது வரும். முதலாவது இல்லாவிட்டால் சந்தேகமே வராது.

முகவர் நிரல் தானே குறிப்பு எழுதிக்கொள்ளுமே, நாம் ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேட்கலாம். எழுதும்தான், நடையும் நன்றாகவே இருக்கும். ஆனால் அது எழுதுவது வெற்றி பெற்ற வழியை. பட்டியலில் ஜீன் தேதியானபோது எந்த மணியும் அடிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக முடிந்தது போலவே இருந்தது. யாரோ ஒருவர் பட்டியலைக் கண்ணால் பார்த்து, ‘இங்கே தேதிக்கு என்ன வேலை?’ என்று கேட்டதால்தான் தெரிய வந்தது. அந்த வேலையைக் கையால் செய்து பழகியவருக்கே அக்கேள்வி எளிதில் தோன்றும். எனவே ஒரு வேலையை ஒரு முறையேனும் தாமே செய்து பார்க்காதவர் அதற்குத் திறன் குறிப்பு எழுதக் கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் கடுமையான விதிதான்.

அடுத்த முறை உப்புப் பகுப்பாய்வுக்குப் போகும்போது உங்கள் பதிவேட்டில் ‘சோதனை’, ‘காண்பவை’, ‘அறிவன’ என்ற மூன்று பத்திகளுக்கு அருகே நான்காவதாக ஒரு குறுகிய பத்தி போடுங்கள். பழுப்பு வளையத்துக்கு நேரே அதில் என்ன எழுத வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். மற்றச் சோதனைகளுக்கு ஆசிரியரைக் கேளுங்கள்.