இதையும் இன்ஸ்டால் பண்ணிடுங்க

எங்கள் கல்லூரிப் பிள்ளைகளின் போனைத் திறந்து பார்த்தால் பாவமாக இருக்கும். வருகைப்பதிவு பார்க்க ஒரு ஆப். ஃபீஸ் கட்ட ஒன்று. காலேஜ் பஸ் எந்த நிறுத்தத்தைத் தாண்டியிருக்கிறது என்று காட்ட ஒன்று. இன்டர்னல் மார்க்குக்கு ஒன்று, பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு ஒன்று, வாத்தியார்களுக்கு நட்சத்திரம் போட ஒன்று. இதற்கு மேல் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, துறைக்கு ஒரு குழு, அந்தக் குழுவில் போட்டதைப் பார்த்தாயா என்று கேட்க இன்னொரு குழு. இது போதாதென்று பருவம் தொடங்கினால் யாராவது வகுப்புக்குள் வந்து, "இதையும் இன்ஸ்டால் பண்ணிடுங்க, நாளைக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இத்தனையில் ஒன்றாவது அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி பாடம் சொல்லித் தருமா? ஆபீஸ் பார்க்க வேண்டிய எழுத்து வேலையைப் பிள்ளைகளின் போனில் இறக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். போன் அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது, ரீசார்ஜ் அம்மாவின் காசு, வேலை மட்டும் கல்லூரியுடையது.

நான் இங்கே நூலகர். படிக்கிற பிள்ளைக்கு உண்மையிலேயே உதவுகிற தளங்கள் எவை என்று எடுத்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். அதைத்தான் செய்ய முடியவில்லை. ஒரு நல்ல தளத்தைக் காட்டி, "இதை வச்சுக்கோம்மா, மூணு வருஷத்துக்கும் உதவும்" என்றால், "ஸ்டோரேஜ் ஃபுல் மேடம்" என்று பதில் வருகிறது. தளத்துக்கு எதற்கு ஸ்டோரேஜ், பிரவுசரிலேயே திறக்கலாமே என்றால், "ஆப் இல்லையா மேடம்?" என்று ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். ஆப் இல்லாத ஒன்று இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

என்.பி.டி.இ.எல். கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் அதில்தான் அதிகம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய காரியம் அது. நம் ஊர்ப் பிள்ளைகள் நுழையவே முடியாத வகுப்பறைகளின் பாடங்கள் வீடியோவாகச் சும்மா கிடைக்கின்றன. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் இருக்கிறது. இப்படி ஒரு வசதி என் காலத்தில் இருந்திருந்தால் என்று நான் பெருமூச்சு விடாத நாளில்லை.

அதை இங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிற வருஷம் என்றால் ஒரு மாணவர் பாக்கியில்லாமல் ஏதாவது ஒரு பாடத்தில் பதிவு செய்தாக வேண்டும். எந்தப் பாடம் என்று கேட்பாரில்லை. பதிவு செய்த ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போட வேண்டும். போடாதவர்கள் பட்டியல் சாயங்காலம் சிவப்பு எழுத்தில் வரும். அப்புறம் வாரா வாரம் அசைன்மென்ட். அதற்கான விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுடச்சுட வந்துவிடும். "ஏழாவது கேள்விக்கு உறுதியாத் தெரியல, பி-யா இருக்கலாம்" என்று ஒரு குறிப்போடு வேறு. வகுப்பு முழுக்க பி போடும்.

சான்றிதழ் மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தேற வேண்டுமென்றால் முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் 25-க்கு 24 வாங்கிக்கொண்டு போய், 75-க்கு 30 எட்டாமல் திரும்பி வருகிறார்கள். தேர்வுக் கட்டணம் வீட்டார் தலையில்.

கொடுமை என்னவென்றால், சான்றிதழ் வேண்டாம் என்பவருக்கு அத்தனை பாடமும் இலவசம், பதிவுகூடத் தேவையில்லை. வகுப்பில் ஃபூரியர் தொடர் புரியவில்லையா, அந்த ஒரு விரிவுரையை மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டு மூடிவிடலாம். அப்படியும் பயன்படுத்தலாம் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அதற்கு ஸ்கிரீன்ஷாட் கிடையாது.

மார்ச் மாதம் வந்தால் புராஜெக்ட் திருவிழா. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு வந்து நூலகத்தில் ஒரு பிரதி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நான் பின்னாலிருந்துதான் புரட்டுவேன். துணைநூற்பட்டியல் என்ற தலைப்பின் கீழ் "கூகுள் டாட் காம்". அடுத்த வரியில் "யூடியூப் டாட் காம்". கையெழுத்துப் போட்ட வழிகாட்டிக்கும் அதில் உறுத்தல் இல்லை. இப்போது புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஒரு பையன் நோட்டில் ஐந்து புத்தகப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, "இந்த அஞ்சும் வேணும் மேடம்" என்றான். ஆசிரியர்கள் எல்லாம் நிஜமான ஆட்கள், தலைப்புகளும் நம்பும்படிதான் இருந்தன. தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட புத்தகங்கள் அச்சாகவே இல்லை. சாட்ஜிபிடி சொன்னதாம். "இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க மேடம், அதுல போட்டிருக்கே" என்று என்னிடமே வாதம்.

நிஜமாகவே இருக்கிற ஆய்வேடுகளைக் காட்ட ஷோத்கங்கா என்று ஒன்று இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நடத்துகிறது. சென்னை, மதுரை, திருச்சி, நெல்லை என்று நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேடுகள் அதில் குவிந்து கிடக்கின்றன. குறையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. பல ஆய்வேடுகள் ஒரே கோப்பாக வராது. தலைப்புப் பக்கம் ஒன்று, சான்றிதழ் ஒன்று, உறுதிமொழி ஒன்று என்று துண்டு துண்டாகப் போட்டு வைத்திருப்பார்கள். நம் பையன் முதல் மூன்றைத் திறந்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல மேடம், வெறும் கையெழுத்துதான் இருக்கு" என்று திரும்பி வருவான். கீழே இறங்கிப் போ தம்பி, முதல் இயல் அங்கேதான் ஆரம்பிக்கும், கடைசியில் நூற்பட்டியல் தனிக் கோப்பாக இருக்கும், அதை முதலில் எடு, உன் தலைப்புக்குப் படிக்க வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள். புத்தி இல்லாத பிள்ளைகள் இல்லை.

புராஜெக்டின் நூற்பட்டியலை ஒழுங்காக எழுத ஜோடேரோ என்று ஒரு மென்பொருள் 2006-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பிரவுசரில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாம் தானாக உள்ளே போய் உட்காரும். வழிகாட்டி கடைசி நாளில் பாணியை மாற்றச் சொன்னாலும் கவலையில்லை. எங்கள் கணினி ஆய்வகத்தில் அதைப் போட்டுத் தரக் கேட்டேன். லைசென்ஸ் எவ்வளவு என்று கேட்டார்கள். இலவசம் என்றதும், அப்படியானால் நம்பலாமா என்று யோசிக்கிறார்களாம். அதே ஆய்வகத்தில் திருட்டு வேர்டு கூச்சமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ள மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே பேசிச் சொல்லித் தரும் சின்னச் சின்ன வீடியோக்கள் இருக்கின்றன. திரையில் ஒரு பக்கம் வீடியோ, மறுபக்கம் மென்பொருளைத் திறந்து வைத்து அது சொல்லச் சொல்ல நாமும் செய்து பழகலாம். பைத்தானும் அதே வழியில் கிடைக்கிறது. வெளியே கோர்ஸ் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் சொல்லித் தருவதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஸ்காலர்ஷிப் சமாச்சாரம் தனி எரிச்சல். போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று போர்ட்டல் கறாராகக் கேட்கும். எப்படிக் குறைப்பது என்று ஒரு வரிகூட அங்கே இருக்காது. பிள்ளை கூகுளில் தேடி, முதலில் வருகிற ஏதோ ஒரு பெயர் தெரியாத தளத்தில் தன் ஆதாரையும், அப்பாவின் வருமானச் சான்றையும், பாஸ்புக் முதல் பக்கத்தையும் ஏற்றிவிட்டு வரும். யார் நடத்துகிறார்கள், அந்தக் கோப்பு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்குவூஷ் என்று ஒன்று உண்டு, படத்தை வெளியே எங்கும் அனுப்பாமல் நம் பிரவுசருக்குள்ளேயே சுருக்கிக் கொடுக்கும். பி.டி.எஃப். என்றால் லிப்ரே ஆபீஸ் போதும். இதை ஒரு சிறு தாளில் எழுதி ஸ்காலர்ஷிப் பிரிவின் ஜன்னலில் ஒட்டினேன். மறுவாரம் அதன் மேல் பஸ் ஃபீஸ் அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள்.

டிஜிலாக்கர் 2015-லிருந்து இருக்கிறது. அதிலிருந்து காட்டுகிற சான்று சட்டப்படி அசலுக்குச் சமம் என்று மத்திய அரசே விதி போட்டிருக்கிறது. எங்கள் ஆபீசில், "அதையே பிரிண்ட் எடுத்து, அட்டெஸ்டேஷன் வாங்கிட்டு வா" என்கிறார்கள். அந்தக் கணக்கைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும், அது ஆதாரோடு இணைத்த அப்பாவின் நம்பருக்குப் போகும். ஒரு பெண்ணின் அப்பா திருப்பூர் கம்பெனியில். டீ நேரத்தில்தான் போனைத் தொட முடியும். அதற்குள் ஓ.டி.பி. காலாவதி. மத்தியானம் முழுக்க அந்தப் பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "அப்பா, இப்ப வந்துச்சா, இப்ப வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆய்விதழ்கள் விஷயத்தில் ஓரவஞ்சனை என்றே சொல்வேன். ஒரே நாடு ஒரே சந்தா என்று 2025 ஜனவரியில் தொடங்கினார்கள். மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல காரியம், கைதட்டினேன். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரியில் படிப்பவர்கள் மட்டும் வேறு நாட்டுப் பிள்ளைகளா? எங்களுக்கு மின்னிதழ்கள் படிக்க என்-லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 2010-இல் வந்தது, உறுப்பினரான கல்லூரியின் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கடவுச்சொல் வாங்கித் தரலாம். வாங்கியும் தந்தேன். அது மின்னஞ்சலில் வரும். மின்னஞ்சலைத் திறக்கிற பழக்கம் வகுப்பில் இரண்டு பேருக்கு இருந்தால் அதிசயம். "எனக்கு வரவே இல்ல மேடம்" என்றவனின் போனை வாங்கிப் பார்த்தால், ஆன்லைன் ரம்மி விளம்பரங்களுக்கு நடுவே பத்திரமாகக் கிடக்கிறது.

தமிழ்த்துறைப் பிள்ளைகளை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. சங்க இலக்கிய மூலத்துக்கு ஜெராக்ஸ் எடுக்கக் காசு சேர்க்கிறார்கள். உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் 1998 பொங்கலிலிருந்து தட்டச்சு செய்து மதுரைத் திட்டத்தில் அத்தனையையும் இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரைகளோடும் கிடைக்கிறது. சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் ஏதோ ஒரு ஆப், அதில் ஒரு சொல்லுக்கு மூன்று விளம்பரம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லிருந்து 1936 வரை பாடுபட்டு வெளியிட்ட தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் விளம்பரமில்லாமல் தேடக் கிடைக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. பாடத்திட்டத்தில் "கணினித்தமிழ்" என்று ஒரு தாளே இருக்கிறது. அதற்கு நோட்ஸ் எழுதிப் போடச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

இதையெல்லாம் சொல்ல முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்று வருஷா வருஷம் எழுதிக் கேட்கிறேன். இந்தத் தடவை இன்டக்‌ஷன் வாரத்தில் நூலக அறிமுகம் என்று போட்டு அரை மணி ஒதுக்கினார்கள். முன்னால் பேசிய தன்னம்பிக்கைப் பேச்சாளர் பிள்ளைகளைக் கைதட்ட வைத்து, கண்ணை மூட வைத்து, அழவும் வைத்து, என் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டார். ஷோத்கங்கா பக்கத்தைத் திரையில் திறந்தேன், ஆடிட்டோரியத்தில் வைஃபை இல்லை. சரி, வாயால் சொல்லலாம் என்று மைக்கைப் பிடித்தபோது ஐ.டி. பிரிவுத் தம்பி மேடையேறி வந்து, "ஒரு நிமிஷம் மேடம், எல்லாரும் இருக்காங்க, இதை மட்டும் முடிச்சுக்கிறேன்" என்றார். புது ஃபீட்பேக் ஆப்பாம். அந்த க்யூஆர் கோடு பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டியதில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் நூலக அறிமுகத்துக்கு நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.