அடியில் இருந்த தாள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, எங்கள் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரையைப் பார்த்து நோட்டில் பென்சிலால் வரைந்தாள். அதைக் கணினியில் ஏற்றி, வண்ணம் கொடுத்து, பிரிண்ட் எடுத்து ஓர் ஓவியப் போட்டிக்குக் கொண்டுபோனாள். "இது கம்ப்யூட்டர் போட்ட படம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையால் தீட்டிய படம் மட்டும்தான் என்று விதி இருந்தால் சரி, அதில் தப்பில்லை. ஆனால் 'கம்ப்யூட்டர் போட்டது' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

நிழல் விழாத இடத்தில் தாளை வைத்து செல்போனில் படம் எடுத்தாள். கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து மங்கலாக்கினாள். அதன்மேல் 'லேயர்' என்கிற வெற்று அடுக்கு ஒன்றை வைத்தாள். நம் காலத்து டிரேசிங் பேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலில் நாலு கோடாகக் கிறுக்கியிருந்த இடத்தில் எது சரியான கோடு என்று அவள்தான் முடிவு செய்தாள். வயிற்றுக்குத் தடித்த கோடு, கடிவாளத்துக்கு மெல்லிய கோடு. வண்ணத்துக்குத் தனி அடுக்கு. கோட்டில் சின்ன இடைவெளி இருந்தால் போதும், வரப்பு உடைந்த வயல் மாதிரி நிறம் பக்கம் முழுக்கப் பாய்ந்துவிடுகிறது. அதைத் தேடி அடைக்கவே ஒரு மாலை போயிற்று. எந்த இடத்திலும் கம்ப்யூட்டர் தானாகக் குதிரை வரையவில்லை.

இது புது வழியும் அல்ல. 1937-இல் வந்த டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' படத்துக்கு, ஓவியர்கள் பென்சிலில் வரைந்ததை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தாளில் மையால் எடுத்து, பின்பக்கம் வண்ணம் தீட்டியவர்கள் அங்கே வேலை செய்த பெண்கள். 1961-இல் '101 டால்மேஷியன்ஸ்' படத்தில் அந்தக் கோடெடுக்கும் வேலையை ஜெராக்ஸ் முறை செய்தது. அதற்காக அந்தப் படத்தை மெஷின் வரைந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவர் படத்தை அடியில் வைத்து, மேலே கோடிழுத்து, தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழகுவதற்காக அப்படிச் செய்யலாம். தன்னுடையது என்று சொல்லக் கூடாது. மென்பொருள் ஒன்றுதான், அடுக்கும் ஒன்றுதான். முடிந்த படத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அடியில் இருக்கும் கோடு யாருடையது?

இந்தக் கேள்வியை நானே ஒருமுறை கேட்கத் தவறினேன். முப்பது வருடம் இருக்கும். ஒரு மாணவன் ஜன்னல் கண்ணாடியில் தாளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "காப்பியா அடிக்கிறே?" என்று பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்து துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் பார்த்தேன். அடியில் இருந்த தாளும் அவன் வரைந்ததுதான். அழித்து அழித்து வரைந்த பென்சில் படம். நல்ல தாளில் சுத்தமாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியார் என்கிற கெத்து விடவில்லை.

பெற்றோர்களே, படம் கணினிக்குப் போனதும் பென்சில் தாளைக் குப்பையில் போடாதீர்கள். தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, தீர்ப்பு சொல்லும் முன் "அந்தத் தாளைக் காட்டு" என்று கேளுங்கள். வரைந்த பிள்ளை ஓடிப்போய் எடுத்து வரும்.

அந்த மாணவன் இதைப் படித்தால்: தம்பி, தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. இப்போதும் வரைகிறாயா?

அன்புடன்,
உங்கள் சார்