கூலர் வாங்கும் முன் வாட்டைப் பாருங்கள்

கேம் விளையாடுவதற்கென்று கட்டிய கம்ப்யூட்டரில் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே மருந்துதான் கிடைக்கிறது: பெரிய கூலராகப் போடு. சற்று நிதானமானவர்கள் தூசியைத் தட்டச் சொல்வார்கள், தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்வார்கள். எதுவும் தப்பான யோசனை இல்லை. ஆனால், அந்தப் பிராசசர் எத்தனை வாட் மின்சாரத்தை இழுக்கிறது, அவ்வளவு இழுக்கலாம் என்று அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வியை அனேகமாக எவரும் கேட்பதில்லை. பிராசசர் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அடுப்பைக் குறைக்காமல் புகைபோக்கியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம். கடந்த சில ஆண்டுகளில் வந்த உயர்ரக பிராசசர்களைப் பொறுத்தவரை, சூட்டுக்கான மூல காரணத்தை மதர்போர்டின் பயாஸில் எழுதப்பட்டிருக்கும் மின் வரம்பில்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் வாதம்.

இதற்கான முதல் சாட்சியம் தயாரிப்பாளரிடமிருந்தே வருகிறது. 2022 செப்டம்பரில் கோர் ஐ9-13900கே பிராசசரை அறிமுகம் செய்தபோது இன்டெல் ஒரு கணக்கைக் காட்டியது. முந்தைய தலைமுறையின் 12900கே, எல்லா கோர்களும் ஒருசேர இயங்கும் வேலையில் 241 வாட்டில் தரும் வேகத்தைப் புதியது 65 வாட்டிலேயே தந்துவிடும் என்பது அந்தக் கணக்கு. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். அப்படியானால் 13900கே எத்தனை வாட் உச்சத்தோடு கடைக்கு வந்தது? 253. இந்தப் பேராசைக்குப் பின்னே எளிய இயற்பியல் இருக்கிறது. சிப் செலவிடும் மின்திறன் அதன் அலைவெண்ணோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸைப் பிழிந்தெடுக்க மின்னழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் அதனால் மட்டுமே மின்செலவு 21 சதவீதம் ஏறுகிறது. ஒப்பீட்டுப் படங்களில் போட்டியாளரைவிட ஒரு கோடு உயரமாக நிற்பதற்காக நிறுவனங்கள் அந்த விலையைக் கொடுக்கின்றன. விலை என்பது நம் அறையின் வெப்பமும் ஃபேன் இரைச்சலும்தான் என்பதால் அவர்களுக்கு அது வலிப்பதில்லை.

மதர்போர்டு நிறுவனங்கள் இதற்கும் ஒரு படி மேலே போயின. அவற்றின் பல போர்டுகளில் பெட்டியைப் பிரித்தவுடன் இருந்த மின் வரம்பு 4096 வாட். வீட்டு ஏசி இரண்டு சேர்ந்தாலும் அவ்வளவு இழுப்பது அபூர்வம். வரம்பே கிடையாது என்பதை எண்ணில் சொல்லும் முறை இது. இப்படி அவிழ்த்துவிடப்பட்ட 14900கே, கடும் வேலையில் 300 வாட்டைத் தாண்டும். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்களில் கேம்கள் திடீர் திடீரென்று நின்றுபோவதாகப் புகார்கள் குவிந்தபோது, திரையில் வந்த செய்தி பல சமயம் வீடியோ நினைவகம் போதவில்லை என்றது. பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுந்தது. 2024 ஏப்ரலில் இன்டெல் மதர்போர்டு அமைப்புகளைச் சுட்டிக்காட்டியது. ஜூலையில், பிராசசருக்குள் இயங்கும் தன்னுடைய மைக்ரோகோடே தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பரில், உயர்ந்த மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து கோருக்குள் இருக்கும் கடிகாரச் சுற்றை விரைவில் மூப்படையச் செய்கின்றன என்று விளக்கியது. பாதிக்கப்பட்ட பிராசசர்களுக்கு உத்தரவாதம் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஏஎம்டி ரசிகர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகியதும், சிப்பின் எஸ்ஓசி பகுதிக்கான மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத புது பயாஸ்கள் அவசரமாக வந்ததும் இதே கதையின் இன்னொரு அத்தியாயம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. ரைசன் 7000 வரிசை வந்தபோது, 95 டிகிரியில் ஓடுவது எங்கள் வடிவமைப்பே என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. அந்த இன்டெல் சிப்களின் வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2001-இல் ஹீட்சிங்கைக் கழற்றியதும் ஏஎம்டியின் அத்லான் பிராசசர் புகைந்துபோன காட்சியைப் பார்த்த தலைமுறைக்கு இது பெரிய ஆறுதல். ஆகவே 95 என்ற எண்ணைக் கண்டதும் பதற வேண்டியதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் வெப்ப வரம்பு சிப்பை அந்த நொடியில் காப்பாற்றும் ஏற்பாடு மட்டுமே. மின்னழுத்தம் எவ்வளவு என்பதை அது கவனிப்பதில்லை. இன்டெல் சிப்களை மூப்படையச் செய்ததில் மின்னழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றிலும் 100 டிகிரிக் காவல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது: முழு வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நானே ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? வீடியோ ரெண்டரிங் செய்து பிழைப்பவர் இதைக் கேட்டால் எனக்கு முழுமையான பதில் இல்லை. அவருக்கு வரம்பைக் குறைப்பதால் நிமிடங்கள் கூடும். அவர் நல்ல கூலர் வாங்குவதே சரி. கேம் விளையாடுபவரின் நிலை வேறு. பெரும்பாலான கேம்கள் எல்லா கோர்களையும் ஒரே நேரத்தில் பிழிவதில்லை. வேகத்தைப் பல சமயம் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டு. கேமுக்கென்றே பெயர் வாங்கிய ரைசன் 7 7800எக்ஸ்3டி, விளையாட்டின்போது 100 வாட்டுக்கும் வெகு கீழேதான் இழுக்கிறது. 253 வாட் பிராசசரை 125 வாட்டில் நிறுத்தினால் சோதனை மென்பொருளின் மதிப்பெண் இறங்கும். விளையாடும் திரையில் பெரிதாக எதுவும் தெரியாது.

எல்லாக் கோளாறும் அமைப்பில்தான் என்று நான் சொல்லவில்லை. பிரித்தறிவது எளிது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையையும் பிராசசர் இழுக்கும் வாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 70, 80 வாட்டிலேயே 95 டிகிரி என்றால் கோளாறு பொருளில் இருக்கிறது. சுமை ஏறிய ஓரிரு நொடியிலேயே சூடு உச்சிக்குப் பாய்ந்தால், சிப்பின் சூட்டைக் கூலர் சரியாக வாங்கிக் கடத்தவில்லை: பேஸ்ட் காய்ந்திருக்கும், திருகு தளர்ந்திருக்கும், அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் உறையை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள் (நடக்கிற காரியம்தான்), அல்லது லிக்விட் கூலரின் பம்ப் நின்றிருக்கும். கால் மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டம் போதவில்லை. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். 250 வாட்டில் 95 டிகிரி என்றால் கூலர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. குறைக்க வேண்டியது வாட்டை. நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். கூலரால் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 22 டிகிரி அறையில் 80 காட்டும் அதே கம்ப்யூட்டர், மே மாதத்தில் ஏசி இல்லாத 36 டிகிரி மாடி அறையில் 94-ஐ நெருங்கும். ஏசி இருந்தாலும், பிராசசர் உமிழும் 250 வாட்டையும் சேர்த்து வெளியேற்றுவதற்கு மின்கட்டணம் கட்டுவது நாம்தான்.

பயாஸுக்குள் போய் எண்ணை மாற்றுவது சாதாரண மனிதருக்கு ஆகுமா என்று கேட்கலாம். ஏஎம்டியில் ஈகோ மோட், இன்டெல் போர்டுகளின் புதிய பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்று ஆயத்த வழிகளே இருக்கின்றன. ஆனாலும் இந்தச் சுமையை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. போர்டு செய்பவர்கள் பாதுகாப்பான வரம்போடு அனுப்பட்டும். வேகம் வேண்டியவர் தெரிந்தே அவிழ்த்துக்கொள்ளட்டும். அதுவரை, சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் கம்ப்யூட்டர் கட்டித் தரும் கடைக்காரர்கள் ஒன்று செய்யலாம். கட்டி முடித்ததும் மின் வரம்பை அமைத்து, எத்தனை வாட்டில் வைத்தோம் என்பதை பில்லிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏற்கெனவே 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள், கூலருக்குச் செலவழிக்கும் முன் 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த பயாஸ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்த பயாஸ் சரிசெய்யாது. அதற்கு உத்தரவாதத்தில் மாற்றுக் கேட்க வேண்டும். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.