சதையைக் கிழிக்கும் ஒரு சொல்

மணிமுத்தாறு அணைக்குக் கீழே வாழை பயிரிட்டு வரும் அன்பர் ஒருவரின் கடிதம் சென்ற மாதம் நம் கைக்கு வந்தது. அவருடைய மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயில்கின்றாள். பருவத் தேர்வின் ஒரு தாளில் அவள் 32 மதிப்பெண்ணே பெற்றாள் என்று அறிந்த தந்தையார், கைப்பேசியில் இவ்வாறு செய்தி அனுப்பினாராம்: “கலெக்டரம்மாவுக்கு வணக்கம். 32 வாங்கிய வெற்றிக்கு மாலை கொண்டு வரட்டுமா?” மகளிடமிருந்து ஒரே வரி வந்தது: “அப்பா, நீங்க ரொம்ப சார்க்காஸ்டிக்.” அதன்பின் எட்டு நாளாக அவள் பேசவில்லை. “அகராதியில் ‘ஏளனமான’ என்று போட்டிருக்கின்றது. நான் ஏளனம் செய்யவில்லையே, வணக்கம்தானே சொன்னேன்? இச்சொல்லுக்குச் சரியான பொருளை உங்கள் பகுதியில் எழுத வேண்டும்” என்பது அவர் வேண்டுகோள்.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. கேலியைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டு. கூட்டமாய்க் கூவி இழிவுபடுத்துவது ‘ஜீர்’. உதட்டைச் சுழித்துப் பார்ப்பது ‘ஸ்னீர்’. அதற்கு வாயே திறக்க வேண்டாம். ஒன்றுமில்லாததென்று தள்ளிப் பேசுவது ‘ஸ்காஃப்’. பிறர் செய்வதைப் போலச் செய்துகாட்டிப் பழிப்பது ‘மாக்’. மாதிரித் தேர்வுக்கு அந்தப் பெயர் வந்ததும் போலி என்னும் அப்பொருளால்தான். இவற்றினின்று ‘சார்க்காசம்’ வேறுபடும் இடம் ஒன்றுண்டு. மேலே புகழ்ச்சியும் மரியாதையும் இருக்கும். உள்ளே ஊசி இருக்கும். ஆகவே, ‘வணக்கம்தானே சொன்னேன்’ என்று அன்பர் எதைத் தமக்குச் சாதகமாகக் காட்டுகின்றாரோ, அதுவே அவர் மகளின் சொல்லுக்குச் சான்றாகின்றது. நம் ஊர்ப் பேச்சில் குத்தல் என்கின்றோமே, அது இதற்கு மிக நெருங்கியது. எகத்தாளம், நையாண்டி, நக்கல் ஆகியவை சற்றுத் தள்ளி நிற்பவை.

குத்தல் என்ற தமிழ்ச் சொல்லைக் காட்டிலும் கொடிய பிறப்புடையது இந்த ஆங்கிலச் சொல். 16ஆம் நூற்றாண்டில் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துள் நுழைந்த இதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. ‘சார்க்ஸ்’ என்றால் சதை. அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு நாய்போல் சதையைக் கடித்துக் கிழித்தல் என்பது பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு கசப்பாய்ப் பேசுதல் என்பது பின்னர் வந்த பொருள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வாக்கானவர் எடுத்த ஊனுடலைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் நிற்பதும் இதே ‘சார்க்ஸ்’தான். ஒரே வேரிலிருந்து இப்படியும் அப்படியுமாய்ச் சொற்கள் கிளைத்திருப்பதை எண்ணி நாம் வியந்ததுண்டு.

இம்முறையில் பேசுவது எப்போதும் குற்றமா எனின், அன்று. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு என்ன சொன்னார்? உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி, அழகாய் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. போர் காணாத வேல்தான் பளபளக்கும் என்பதைத் தொண்டைமான் உணராமல் இருந்திருக்க முடியாது. வஞ்சப்புகழ்ச்சி என்று நம் இலக்கணத்தார் பெயரிட்ட வகை இது. அரசர் முதலாம் நூல் 18ஆம் அதிகாரத்தில், கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேர் முன்னே தனியாய் நின்ற எலியாவும், இன்னும் உரக்கக் கத்துங்கள், உங்கள் தெய்வம் உறங்குகிறாரோ, பயணம் போயிருக்கிறாரோ என்றே கேட்டார். அங்கே எதிரில் இருந்தவன் அரசன், இங்கே பெருங்கூட்டம்.

திருப்பாடுகளின் வரலாற்றில் நிலைமை தலைகீழாகின்றது. கட்டுண்டு நிற்கும் ஒருவர்மேல் செந்நிற ஆடையைப் போர்த்தி, தலையில் முள்முடியும் கையில் கோலும் தந்து, முழந்தாளிட்டு ‘அரசே வாழ்க’ என்கின்றனர் படைவீரர். வெறும் சொற்களை மட்டும் எடுத்து எழுதினால் அதுவும் வணக்கமே. துயர மறையுண்மைகளில் மூன்றாவதைச் செபிக்கும்போது முள்ளை நினைக்கின்ற நாம், அந்த வாழ்த்தை அவ்வளவாய் நினைப்பதில்லை.

அன்பர் தம்மைப் படைவீரரோடு ஒப்பிட்டோம் என்று வருந்த வேண்டாம். மகள் படிக்க வேண்டுமென்ற கவலைதான் அவருக்கு அவ்வடிவில் வெளிப்பட்டது. ஆயினும் விடுதியறையில் 32 மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கவலை தெரியவில்லை, மாலைதான் தெரிந்தது. நேரில் சொல்லியிருந்தால் குரலின் குழைவும் கண்ணின் ஓரமும் ஏதேனும் எடுத்துரைத்திருக்கும். கைப்பேசி எழுத்துக்குக் குரல் கிடையாது. எத்தனை முறை திறந்து பார்த்தாலும் அது அதே இடத்தில் நின்று குத்தும். நாமும் ஒருமுறை நண்பர் ஒருவருக்கு இப்படி ஓர் அஞ்சலட்டை எழுதி, ஈராண்டு அவர் முகத்தைக் காணாமல் இருந்தவர்களே.

வழக்காற்றைப் பற்றி ஒன்று. ‘சார்க்காசம்’ பெயர்ச்சொல், மகள் எழுதிய ‘சார்க்காஸ்டிக்’ பெயரடை. அது ஆளையும் சுட்டும், ஆள் சொன்ன சொல்லையும் சுட்டும். ஆகவே நீங்கள் எப்போதும் அப்படிப்பட்டவர் என்று அவள் எழுதினாளா, அந்த ஒரு செய்தியைத்தான் குறித்தாளா என்பது அவ்வரியிலிருந்து விளங்காது. அவளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதைக் கைப்பேசியில் கேட்க வேண்டாம் என்பது நம் கருத்து. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்பாசமுத்திரம் வழியாகப் பேருந்து ஏறினால், பார்வையாளர் நேரத்துக்குள் விடுதி வாயிலில் இருக்கலாம். மாலை வேண்டாம்; தோட்டத்தில் பழுத்த சீப்பு ஒன்று போதும். என்ன நடந்தது என்று நமக்கும் ஒரு வரி எழுதுங்கள். ‘ஐரனி’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அடுத்த இதழில் காண்போம்.