கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்த மாணவர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார. திட்டக்குடி பக்கத்துக் கிராமத்தில் சிறிய பெந்தெகொஸ்தே சபை நடத்துகிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, அப்பாவைப் போல ஊழியத்துக்கு வர ஆசைப்படுகிறான்.

"சார், மூணு வருஷம் விடுதியில தங்கிப் படிக்கிற வேதாகமக் கல்லூரி இருக்கு. இன்னொரு இடத்துல நாலு மாசம் ஆன்லைன்ல படிச்சா போதுமாம், சான்றிதழ் தபால்ல வந்துடுமாம். மேல கொஞ்சம் பணம் கட்டினா டாக்டர் பட்டமே உண்டாம். எதுல சேர்க்கட்டும்?" என்று கேட்டார்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவன். ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவனை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு.

பெந்தெகொஸ்தே இயக்கம் பிறந்ததே ஒரு பள்ளிக்கூடத்தில்தான். 1900-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் டொபீகாவில் சார்லஸ் பார்ஹாம் ஒரு வேதாகமப் பள்ளி தொடங்கினார். மாணவர்கள் நாற்பது பேர் அளவில். பாடப்புத்தகம் வேதாகமம் மட்டுமே. 1901 புத்தாண்டு நாளில் அங்கே ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நிய பாஷை பேசினார் என்பதிலிருந்து அவர்கள் வரலாறு தொடங்குகிறது.

பிறகு ஹூஸ்டனில் பார்ஹாம் வகுப்பு நடத்தியபோது வில்லியம் சீமோர் படிக்க வந்தார். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். வெள்ளையரோடு ஒரே அறையில் உட்கார அந்த ஊர் விடவில்லை. வெளியே உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டார். அதே சீமோர் 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் நடத்திய கூட்டங்கள்தான் அந்த இயக்கத்தை உலகமெல்லாம் கொண்டுபோயின.

இதைச் சொன்னதும் என் மாணவர் மடக்கினார்: "அவர் சில வாரம்தானே சார் படிச்சார்?"

நல்ல கேள்வி. அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அவர் கேட்டது அவ்வளவு அல்ல. பின்னால் வந்தவர்கள் அது போதாது என்று கண்டுதான் நிலையான பள்ளிகளைக் கட்டினார்கள். 1927-இல் ஜான் பர்ஜஸ் என்ற அமெரிக்க மிஷனரி கேரளத்து மாவேலிக்கரையில் தொடங்கிய பள்ளிதான் இன்று புனலூரில் இருக்கும் பெத்தேல் வேதாகமக் கல்லூரி. 1951-இல் பெங்களூரில் சதர்ன் ஏசியா பைபிள் காலேஜ் வந்தது. கல்லூரியே வைத்துக்கொள்ளாத சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்கூட ஊழியர்களை விசுவாச வீடுகளில் மூத்தவர்களோடு வருஷக்கணக்கில் வாழவைத்துத்தான் பழக்கியது. குறுக்கு வழி யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஏன் இவ்வளவு காலம் வேண்டும்? கிராமத்தில் போதகரிடம் பிரசங்கம் கேட்க மட்டுமா வருகிறார்கள்? காய்ச்சல், கடன், புருஷன் பெண்டாட்டி சண்டை, எல்லாம் அவரிடம்தான் வருகிறது. ஜெபமும் செய்து, "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றும் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அந்த ஒரு வார்த்தை தெரியாமல் போனால் உயிர் போகும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். ஈரம் காயாத மண்ணை அவசரமாகச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும்.

இரண்டு வருஷம் பயிற்சி எடுத்த நானே தவறினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் தாமதமாக வந்த ஒரு பையனை வராந்தாவில் உட்காரவைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, விடியற்காலையில் ஒரு பண்ணை வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டிவிட்டு வருகிறான் என்று. அந்த ஒரு மாதமும் அவன் ஜன்னல் வழியாகத்தான் பாடம் கேட்டான். சீமோர் கதையைப் படித்த அன்று எனக்கு அவன் முகம்தான் வந்தது.

அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேறாதவனையும் கூலிக்காரர் பிள்ளையையும் பெஞ்சில் உட்காரவைத்துப் படிக்கவும் பேசவும் கற்றுக்கொடுத்த வேதாகமப் பள்ளிகள் உண்டு. தரத்தை உயர்த்துகிறோம் என்று அந்த வாசலை அடைத்துவிடக் கூடாது. ஆனால் வாசலைத் திறந்துவைப்பது வேறு, வாசலிலேயே பட்டத்தை விற்பது வேறு.

மாணவரிடம் முடிவாகச் சொன்னது இதுதான்: "பையனையும் கூட்டிக்கிட்டு நேர்ல போய்ப் பாருப்பா. பாடம் நடத்துறது யாரு, நூலகம் இருக்கா, கிராமத்துக்கு அனுப்பிப் பழக்குறாங்களா, செராம்பூர் மாதிரி அங்கீகாரம் உண்டான்னு கேளு. பணத்துக்கு டாக்டர் பட்டம் தர்ற இடத்துப் பக்கமே போகாதே. கூடவே அஞ்சல் வழியில ஒரு டிகிரியும் முடிக்கச் சொல்லு."

அடுத்த வாரம் போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உங்களில் வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் இருந்தால் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அந்தப் பையனுக்கு உதவும். வராந்தாவில் உட்கார்ந்த அந்த மாணவன் இதைப் படித்தால் ஒரு போன் பண்ணட்டும். நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்