பால்மாவும் ஒரு மணி நேரமும்



தவக்காலச் சேகரிப்பை இவ்வாண்டும் முழுமையாகப் பால்மாவுக்கே அனுப்புவதென்று நம் பங்குப்பேரவை ஏறக்குறைய ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. வன்னியில் நாம் உதவும் பங்கில், வீடு வீடாகச் சென்று இளந்தாய்மாரோடு குழந்தை வளர்ப்புப் பற்றிப் பேசுவதற்குச் சில பெண்களைப் பயிற்றுவிக்கலாம் என்ற யோசனை, "பிள்ளையோடு விளையாடத் தாய்க்குப் பாடம் வேண்டுமா, சுவாமி?" என்ற சிரிப்போடு முடிந்தது. அந்தச் சிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கேள்வி ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1986, 87ஆம் ஆண்டுகளில் ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 ஏழைக் குழந்தைகளைச் சாலி கிரான்தம்-மக்கிரெகர் குழுவினர் தெரிவுசெய்தனர். சிலருக்கு வாரம் 1 கிலோ பால்சார்ந்த சத்துணவு கிடைத்தது. சிலருடைய வீட்டுக்கு வாரம் ஒருமுறை, 1 மணி நேரம், ஒரு சமுதாய சுகாதாரப் பணியாளர் சென்றார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். கையால் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுபோய், எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று காட்டி, தாயைச் செய்யவைத்துப் பாராட்டிவிட்டு வந்தார்கள். 2 ஆண்டுகள், அவ்வளவே. 20 ஆண்டுகள் கழித்து, அவ்வருகையைப் பெற்ற பிள்ளைகளின் வருமானம் பெறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியிருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை.

பசித்த பிள்ளைக்குப் பால் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. பால்மாப் பெட்டியோடு நம் கடமை முடிந்தது என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன்.

"எங்கள் அம்மா எந்தப் பயிற்சி பெற்றா எங்களை வளர்த்தார்?" என்கிறீர்கள். உங்கள் அம்மா தனியே வளர்க்கவில்லை. முற்றத்தில் அம்மம்மா இருந்தார். பெரியம்மாவும் சித்தியும் மாமியும் இருந்தார்கள். மீள்குடியேற்ற வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு இன்று அவர்களில் யார் இருக்கிறார்கள்? சிலரைப் போர் கொண்டுபோயிற்று. மற்றவர்கள் இங்கே, நம் ஆலயத்து வாங்குகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

இது திருச்சபைக்குப் புதிய வேலையுமன்று. குழந்தைநல மருத்துவர் சில்டா ஆர்ன்ஸ் 1983இல் பிரேசிலின் ஃப்ளோரெஸ்டோபொலிஸ் என்ற சிற்றூரில், பங்கின் எளிய பெண்களைக் கொண்டே இதைத் தொடங்கினார். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் இறந்தபோதும் இப்பணியைப் பற்றிப் பேசவே அங்கு சென்றிருந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வார இறுதியில் ஒரு மண்டபம், சான்றிதழ், நிழற்படம் என்று முடிவது பயிற்சியாகாது. ஏற்கெனவே பதிவேடுகளைச் சுமக்கும் குடும்பநல உத்தியோகத்தர்மேல் இன்னொரு பதிவேட்டை ஏற்றுவதும் உதவியாகாது. அவருக்குத் துணைநிற்கும் ஊர்ப்பெண்கள் வேண்டும்; அவர்களுக்கு ஓர் ஊதியம், பயணச்செலவு, மாதந்தோறும் கூடவே வீடுகளுக்குச் சென்று திருத்தும் ஒருவர் வேண்டும். இவற்றில் எதையும் நிழற்படம் எடுத்து நம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியாது. பால்மாப் பெட்டிகளை ஒட்டலாம்.

சேகரிப்பில் பாதியைக் கேட்கிறேன். பேரவை வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் மீண்டும் கூடுகிறது. சிரித்தவர்கள் கட்டாயம் வரவேண்டும்.