காந்தம் மருந்தன்று, சாட்சி

எஞ்சின் எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் முனையில் சிறு காந்தம் பதிப்பது வாகன உலகின் பழைய வழக்கம். அது எஞ்சினின் ஆயுளைக் கூட்டும் என்பார் ஒரு சாரார்; வெறும் வணிகத் தந்திரம் என்பார் மறு சாரார். இரு சாராரும் காந்தத்தைத் தவறான வேலைக்கு அமர்த்திவிட்டு வாதிடுகின்றனர் என்பது என் கருத்து.

முதலில் இயற்பியல். காந்தம் இரும்பையும் எஃகையும் பற்றும். பிஸ்டனின் அலுமினியத்தையும், பேரிங்குகளின் செம்பு, ஈயம், வெள்ளீயத்தையும், காற்றோடு நுழையும் மணல்துகளையும் பற்றாது. துகளின் மீதான காந்த விசை அதன் கன அளவைப் பொறுத்தது. எண்ணெயின் பாகுநிலை தரும் தடையோ அதன் விட்டத்தைப் பொறுத்தது. எனவே, துகள் பத்து மடங்கு சிறுத்தால் அது காந்தத்தை நோக்கி நகரும் வேகம் நூறு மடங்கு குறைகிறது. பேரிங்கின் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமனே உடையது. அப்படலத்தை ஒத்த அளவுள்ள, ஃபில்டரையும் தாண்டிச் செல்லும் நுண்துகள்களே அதிகத் தீங்கு செய்பவை. அவற்றை ஈர்ப்பதுதான் காந்தத்திற்கும் கடினம்.

வெப்பமும் ஒரு தடை. சாதாரண நியோடிமியம் காந்தம் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைக் கடந்தால் வலுவிழக்கத் தொடங்கும். ஓடும் எஞ்சினின் எண்ணெயோ 100 டிகிரியை எளிதில் எட்டும். எஃகாலான ஆயில் சேம்பரின் வெளிப்புறத்தில் காந்தத்தை ஒட்டினால், காந்தப் புலத்தின் பெரும்பகுதியை அத்தகடே வாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் காந்தம் வீணா? அன்று. அதன் பயன் துப்புரவில் இல்லை, தகவலில் இருக்கிறது. ஹெலிகாப்டர்களின் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் பொருத்தப்படும் காந்த உணரி எண்ணெயைத் தூய்மையாக்குவதற்கானதன்று. உலோகச் சில்லு சேர்ந்தவுடன் விமானியை எச்சரிப்பதற்கானது. 1970களில் வெர்னன் வெஸ்ட்காட் உருவாக்கிய ஃபெரோகிராஃபி முறை, எண்ணெயிலுள்ள துகள்களைக் காந்தப் புலத்தால் கண்ணாடித் தகட்டில் வரிசைப்படுத்தி, அவற்றின் வடிவிலிருந்து தேய்மானத்தின் வகையைக் கண்டறிகிறது. டிரெயின் போல்ட்டில் மென்மையான சாம்பல்நிறப் பசை படிந்திருந்தால் அது பெரும்பாலும் இயல்பான தேய்மானம். செதில்களோ ஊசி போன்ற சில்லுகளோ தென்பட்டால் எங்கோ உலோகம் பெயர்கிறது.

இவ்வேறுபாட்டை அனுபவமுள்ள மெக்கானிக் விரல்நுனியால் உணர்வார். நம் கல்விப்புலம் அவ்வறிவைப் பதிவு செய்கிறதா என்பதே என் கேள்வி. உராய்வியலில் ஆய்வேடுகள் எழுதுகிறோம். புதிய எண்ணெயில் நுண்பொருள் கலந்து, நான்கு உருண்டைச் சோதனைக் கருவியில் ஏற்றி, வரைபடம் வரைகிறோம். பட்டறையில் வடித்து ஊற்றப்படும் பழைய எண்ணெய், ஓர் எஞ்சினின் வாழ்க்கைக் குறிப்பு. அதை எவரும் வாசிப்பதில்லை.

மட்டாஞ்சேரியில் இதன் விலை கண்கூடு. பசார் சாலைக்குச் சரக்கு கொண்டுவரும் சிறு வண்டிக்காரருக்கும், அருகிலுள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுத் தொழிலாளருக்கும் எஞ்சின் நின்றால் வருமானமும் நின்றுவிடும். நடுக்கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. 2023இல் கொச்சியில் மின்கலப் படகுகள் ஓடத் தொடங்கியது நல்ல மாற்றமே. ஆயினும் மீன்பிடிப் படகுகள் டீசலை விட்டொழிக்க நெடுங்காலம் ஆகும்.

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஒரு பொறியியல் துறை பத்துப் பட்டறைகளோடு உடன்பாடு செய்துகொள்ளட்டும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் காந்தத்தில் படிந்ததை நிழற்படம் எடுத்து, எஞ்சின் ஓடிய நேரத்தையும் மெக்கானிக்கின் கணிப்பையும் மாணவர் குறிக்கட்டும். காந்தத்திற்குத் தெரியாத செம்பையும் அலுமினியத்தையும் ஆய்வகத்தின் நிறமாலைமானி சொல்லட்டும். ஈராண்டில் ஒரு தரவுத்தொகுப்பு உருவாகும். அதில் மெக்கானிக்குகளின் பெயர்கள் நன்றியுரையில் அன்று, ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும்.